ஹெட்லைட்டை மாற்றும் முன் அதைத் திறந்து பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 வைத்திருக்கிறேன். மாதம் இரண்டு முறை என்3 நெடுஞ்சாலையில் ஹாரிஸ்மித் வரை போய் வருகிறேன். இரவில் வெளிச்சம் பத்தவே இல்லை. ஹாலஜனை எடுத்துவிட்டு எல்இடி பல்பு போடலாமா? கூடவே இரண்டு லைட் வெளியே மாட்டலாமா? இங்கே சட்டம் என்ன சொல்கிறது, போலீஸ் பிடிப்பார்களா?"

தம்பி, நான் இதே டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் பதினாறு வருடமாக வண்டி வயரிங் வேலை செய்கிறேன். ஊரில் கோவில்பட்டியில் கற்ற தொழில். உங்கள் கேள்வியோடு வருகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். பெரும்பாலும் கையில் எல்இடி பல்பை வாங்கிக்கொண்டே வருவார்கள். அதைப் போட்டுத் தரச் சொன்னால் முதலில் ஹெட்லைட்டைத் திறந்து காட்டுவேன். உங்களுக்கும் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் பத்துக்கு ஏழெட்டு வண்டிகளில் குறை பல்பில் இருப்பதில்லை.

போன மாதம் இதே 411 ஒன்று வந்தது. கடலுக்குப் பக்கத்தில், பிளஃப்பில் நிற்கிற வண்டி. பல்புக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றினால், மூன்று பித்தளைக் காலிலும் பச்சை பூத்திருந்தது. சாக்கெட்டின் பிளாஸ்டிக் ஒரு மூலையில் பழுப்பேறி இளகி இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தேன்: 14.1 வோல்ட். அதே நேரம் டிம் எரியும்போது பல்பின் காலில் வைத்துப் பார்த்தால் 11.9. நடுவில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் வயரிலும் சுவிட்சிலும் துருவிலும் சூடாகிப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் பல மடங்கு இறங்கும். பத்து சதவீத வோல்டேஜ் போனால் வெளிச்சத்தில் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். மேலே சொன்ன வண்டியில் கணக்குப் போட்டால், கிடைக்க வேண்டிய வெளிச்சத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் சாலையில் விழுந்துகொண்டிருந்தது. அந்த அண்ணன் இரண்டு வருடமாக அப்படித்தான் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை போய் வந்திருக்கிறார்.

செய்தது இவ்வளவுதான். புது சாக்கெட், எர்த் வயரைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கியது, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து நேராக ஒரு தடித்த வயர், டிம்முக்கும் பிரைட்டுக்கும் ஆளுக்கு ஒரு ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். கைப்பிடி சுவிட்ச் இப்போது ரிலேயை மட்டும் தூண்டும். பல்புக்குப் போகிற மின்சாரம் சுவிட்ச் வழியாகப் போகாது. 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், அதனால் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அதே பல்புதான், எச்4 என்ற வகை, டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60. வெளியே கொண்டுபோய் எரியவிட்டபோது அவர் பல்பை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டார்.

பல்பைச் சுற்றி ஒளியை முன்னால் திருப்பும் கிண்ணத்தில், அதாவது ரிஃப்ளெக்டரில், தூசி இருந்தால் துணி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. ஒரு முறை அழுத்தித் துடைத்தால் போதும், மங்கிவிடும், திரும்ப வராது. காற்று ஊதி எடுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். வெளிக்கண்ணாடியை மட்டும் நன்றாகக் கழுவுங்கள்.

சரி, இப்போது எல்இடி பல்புக்கு வருவோம். இதில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன்.

எச்4 பல்பை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். இரண்டு இழை இருக்கும். முன்னால் இருப்பது டிம் இழை. அதன் அடியில், பாலாடைச் சங்கை நெடுக்காகப் பிளந்ததுபோல ஒரு சின்ன உலோகத் தட்டு. டிம் எரியும்போது அந்தத் தட்டு கீழ்நோக்கிப் போகும் ஒளியை மறித்துவிடுகிறது. ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டுமே ஒளி பட்டுச் சாலையை நோக்கிக் கீழே விழுகிறது. எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காமல் மேலே கோடு போட்டதுபோல வெட்டி நிற்பதற்குக் காரணம் அந்தத் தட்டும், இழை இருக்கும் துல்லியமான இடமும்தான். ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலே அந்தக் கோடு கலைந்துவிடும்.

எல்இடி பல்பில் இழை கிடையாது. ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் சில்லுகளை ஒட்டியிருப்பார்கள். தகடு தடிமனாக இருந்தால் ஒளி புறப்படும் இடமே மாறிவிடுகிறது. தட்டும் பெயருக்குத்தான் இருக்கும். மலிவு பல்புகளில் ஒளி நாலாபக்கமும் சிதறி, கொஞ்சம் உங்கள் முன்சக்கரத்துக்கு அருகில், கொஞ்சம் எதிரே வருகிறவரின் முகத்தில் விழும். சக்கரத்துக்கு முன்னால் பத்து மீட்டர் வெள்ளையாகப் பளிச்சென்று இருப்பதால் ஓட்டுகிறவருக்கு நல்ல வெளிச்சம்போல் தோன்றும். ஆனால் அந்தப் பளிச்சில் கண்மணி சுருங்கிவிடும், ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் மாட்டைக் காண முடியாது. நெடுஞ்சாலையில் உங்களுக்கு வேண்டியது அந்த ஐம்பது மீட்டர்தான்.

எதிரே இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்தேன். ஒரு ஜூன் மாதம், டோங்காட்டைத் தாண்டி பழைய ஆர்102 சாலையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். குளிர்காலத்தில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது. வெட்டுக்கு முன்னால் கரும்புத் தோட்டத்துக்குத் தீ வைத்திருந்தார்கள், சாலையில் புகை படர்ந்திருந்தது. எதிரே ஒரு பைக், நீலம் கலந்த வெள்ளை எல்இடி, டிம்மில்தான் வந்தது. அது கடந்த பிறகு மூன்று நான்கு நொடி எனக்கு எதுவுமே தெரியவில்லை. தெரிந்தபோது, தலையில் சுமையோடு நடந்து போகும் ஒருவர் என் இடது கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி இருந்தார். அந்த ஆளை நான் மறக்கவில்லை. அந்தப் பைக்கை ஓட்டியவர் நல்ல லைட் போட்டிருக்கிறோம் என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போயிருப்பார். அதனால்தான் ஹாலஜன் ஹெட்லைட்டில் எல்இடி பல்பைப் போட்டுக் கொடுக்க நான் சம்மதிப்பதில்லை.

சட்டமும் இதே இடத்தில்தான் நிற்கிறது. தென்னாப்பிரிக்காவில் அடிப்படை, 1996-ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் அதன் கீழ் வந்த 2000-ஆம் ஆண்டு விதிகளும். லேர்னர்ஸ் தேர்வுக்குப் படித்தபோது மனப்பாடம் செய்த எண்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: பிரைட் போட்டால் 100 மீட்டர், டிம்மில் 45 மீட்டர் தூரத்திலுள்ள ஆளோ வண்டியோ தெரிய வேண்டும், எதிரே வருகிறவருக்குக் கண் கூசக் கூடாது. இவ்வளவு லூமனுக்கு (ஒளியின் அளவு) மேல் போடாதே என்று விதி உங்களை மிரட்டவில்லை. ஒளி எங்கே விழ வேண்டும், எங்கே விழக் கூடாது என்பதைத்தான் அது கேட்கிறது.

இன்னொன்று, ஹெட்லைட்டுக்கு அங்கீகாரம் கொடுக்கும்போது கண்ணாடி, ரிஃப்ளெக்டர், பல்பு வகை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பொருளாகச் சோதிக்கிறார்கள். கண்ணாடியில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். எண் என்பது அங்கீகாரம் கொடுத்த நாடு: 1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து, 47 நம் தென்னாப்பிரிக்கா. எச்4 ஹாலஜனுக்கென்று சோதித்த விளக்கில் எல்இடியைச் செருகினால், அந்த முத்திரைக்கு அர்த்தமில்லாமல் போகிறது. "ஜெர்மனியிலேயே அனுமதித்துவிட்டார்கள்" என்று சிலர் சொல்வார்கள். 2020-லிருந்து அங்கே சில எல்இடி பல்புகளுக்கு அனுமதி கிடைத்திருப்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பல்பும் எந்தெந்த வண்டியின் எந்த விளக்கில் போடலாம் என்று பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலுக்குள் மட்டும் கொடுத்த அனுமதி அது. அட்டைப்பெட்டியில் 'ஈ' முத்திரை அச்சடித்துவிட்டு சந்தைக்கு வரும் பல்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

எல்இடியே வேண்டும் என்றால் பல்பை விட்டுவிட்டு முழு ஹெட்லைட்டையே, முத்திரை உள்ளதாக, மாற்றுங்கள். அது சரியான வழி, ஆனால் செலவு அதிகம். வாங்கும்போது கண்ணாடியில் அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். வண்டிக்கு எதிரே நின்று ஹெட்லைட்டைப் பார்க்கும்போது அம்பு உங்கள் வலது கையைக் காட்டினால் அது நம் நாட்டுக்கான விளக்கு. இரண்டு பக்கமும் அம்பு இருந்தால் இரண்டுக்கும் ஆகும். சாலையோரத்தைக் காட்ட ஒளிக்கோடு ஒரு பக்கம் மட்டும் மேலேறி இருக்கும் விளக்கில் அம்பே இல்லையென்றால், வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்தது. அதை இங்கே மாட்டினால் ஏறிய பக்கம் எதிர்வண்டியின் கண்ணுக்கே போகும். இரு பக்கமும் சமமாக ஒளி விழும் மோட்டார் சைக்கிள் விளக்குகளில் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது, யாரும் செய்யாத வேலை: லைட்டின் உயரத்தைச் சரிபார்ப்பது. காசு செலவில்லை, அரை மணி நேரம் போதும். சமதரையில், ஒரு சுவரிலிருந்து ஹெட்லைட் 5 மீட்டர் தள்ளி இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், டேங்கில் பெட்ரோல் இருக்கட்டும். ஸ்டாண்டை எடுத்துவிட்டு நீங்கள் மேலே உட்கார வேண்டும். வேறொருவர் தரையிலிருந்து ஹெட்லைட்டின் மையம் எவ்வளவு உயரம் என்று அளந்து சுவரில் அதே உயரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடட்டும். 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 90 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து புறப்படும் ஒளி 45 மீட்டரில் தரையைத் தொட வேண்டுமானால், மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். ஆக 5 மீட்டரில் 10 சென்டிமீட்டர். கோட்டுக்குக் கீழே 10 சென்டிமீட்டரில் இன்னொரு கோடு போட்டு, டிம்மின் மேல் விளிம்பு அதில் உட்காரும்படி திருகுங்கள். ஐ.நா.வின் மோட்டார் சைக்கிள் விளக்கு விதியும் அரை சதவீதத்திலிருந்து இரண்டரை சதவீதம் வரை சரிவு இருக்கலாம் என்கிறது. நம் இரண்டு சதவீதம் அதற்குள் அடங்கிவிடுகிறது.

பின்னால் ஆளை ஏற்றினாலோ பெட்டி கட்டினாலோ வண்டியின் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும். டிம்மே பிரைட்டைப்போல் அடிக்கும். மனைவியோடு டிராக்கன்ஸ்பர்க் பக்கம் போகிறீர்கள் என்றால் பின் சஸ்பென்ஷனின் பிரீலோடை (ஸ்பிரிங்கின் இறுக்கத்தை) ஏற்றிவிட்டு, அந்தப் பாரத்தோடு ஒரு முறை சுவரில் பாருங்கள்.

இனி வெளியே மாட்டும் லைட். இதில் இரண்டு வகையைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று ஃபோக் லைட்: அகலமாக, தாழ்வாக விழும், மேலே வெட்டிய ஒளி. இரண்டு வரை வைக்கலாம், ஆனால் டிம் விளக்கைவிட உயரத்தில் இருக்கக் கூடாது. பனி, மூடுபனி, தூசி, புகை ஆகியவற்றால் பார்வை குறைந்தபோது மட்டுமே எரியவிடலாம். புகையும் அந்தப் பட்டியலில் இருப்பது வடக்குக் கடற்கரையில் கரும்புக்கு நடுவே வாழும் நமக்கு எவ்வளவு பொருத்தம் என்று ஒவ்வொரு குளிர்காலமும் நினைத்துக்கொள்வேன். 1860-ல் கப்பலேறி வந்த நம் ஜனங்கள் நட்ட கரும்பு. இன்றும் அதன் புகைக்குள்தான் வீடு திரும்புகிறோம். தெளிந்த இரவில் என்3-ல் ஃபோக் லைட்டை எரியவிட்டுப் போவது விதிமீறல்தான், பலர் செய்தாலும்.

இரண்டாவது தூரத்துக்கு அடிக்கும் துணை விளக்கு. இதை டிம்மோடு எரியவே விடக் கூடாது. நான் போடும் வயரிங்கில் அதன் ரிலேயைத் தூண்டும் வயர் பிரைட் வயரிலிருந்து மட்டும் வரும். கட்டைவிரல் டிம்முக்குத் தட்டினால் துணை விளக்கும் அதே நொடியில் அணைந்துவிடும். தனி சுவிட்ச் வைத்துக் கொடுங்கள் என்று கேட்பார்கள். அதை வரிசையில் சேர்த்துக் கொடுப்பேன், அதாவது அதை அணைக்க முடியும். பிரைட் இல்லாமல் ஏற்ற முடியாது. களைத்துப்போய் இரவு பதினோரு மணிக்கு வருகிறவர் இரண்டு சுவிட்சை நினைவில் வைத்துத் தட்டுவார் என்று நம்பி வயரிங் செய்யக் கூடாது. நீளமான எல்இடி பார், கட்டம் கட்டமான வேலை விளக்கு இதெல்லாம் பண்ணைக்கும் காட்டுக்கும் உரியவை. மாட்டியே ஆக வேண்டுமென்றால் பொதுச்சாலையில் மூடி போட்டு வைத்திருங்கள்.

நீங்கள் போகும் வழியை நான் அறிவேன். டவுன் ஹில் ஏறி ஹில்டனில் மூடுபனி, அப்புறம் வான் ரீனன் கணவாயில் திரும்பவும். அங்கே பிரைட் போட்டால் உங்கள் ஒளியே துளிகளில் பட்டுத் திரும்பி வந்து வெள்ளைச் சுவராக நிற்கும். ஒளி உங்கள் கண்ணுக்கு எவ்வளவு அருகில் புறப்படுகிறதோ அவ்வளவு மோசம். அதனால்தான் ஃபோக் லைட்டை எஞ்சின் கார்டில், தாழ்வாக, அகல இடைவெளியில் கட்டுகிறோம். மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்பது சரியல்ல. பனித்துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கின்றன. ஆனால் நீலம் குறைந்த ஒளி கண்ணை அவ்வளவாக உறுத்துவதில்லை. அந்த அளவில் மஞ்சள் சாயலுள்ள 3000 கெல்வின் விளக்கு, நீலம் கலந்த வெள்ளையான 6500-ஐவிட நல்லது. கணவாயில் எல்லாவற்றுக்கும் மேலான மருந்து, வேகத்தைக் குறைப்பது.

பின்பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெயில் லைட்டில் எல்இடி போடலாம் என்று தோன்றினால், சிவப்புக் கண்ணாடிக்குள் சிவப்பு எல்இடி மட்டும். வெள்ளை எல்இடியில் சிவப்பின் பங்கு குறைவு. கண்ணாடியைத் தாண்டி வரும்போது வெளிறிப்போய்விடும், பிரேக்குக்கும் டெயிலுக்கும் வித்தியாசம் தெரியாது. விட்டு விட்டு மின்னும் பிரேக் லைட் வேண்டாம். இண்டிகேட்டர், ஹஸார்ட் தவிர மற்ற விளக்குகள் நிலையாக எரிய வேண்டும். நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை விளக்கு, 20 மீட்டரிலிருந்து எழுத்து தெரிய வேண்டும். பின்பக்க மட்கார்டை வெட்டிவிட்டுச் சின்னதாக மாட்டுகிறவர்கள் இந்த விளக்கையும் சிவப்பு ரிஃப்ளெக்டரையும் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் திரும்ப வர வேண்டும்.

இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மின்ன வேண்டும். பழைய பல்பை எடுத்துவிட்டு எல்இடி போட்டதும் படபடவென்று அடித்துக்கொள்ளும், ஏனென்றால் இண்டிகேட்டரை மின்ன வைக்கும் பழைய பிளாஷர், பல்பு போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறது. அதற்கு ரெசிஸ்டர் கட்டாதீர்கள். கை சுடும் அளவு கொதிக்கும், பக்கத்து வயரை உருக்கிவிடும். எல்இடிக்கான எலெக்ட்ரானிக் பிளாஷர் ஒன்று மாற்றினால் போதும்.

நிறத்தைப் பற்றி ஒரே வார்த்தை: நீலம் போலீசுக்கும் போக்குவரத்து அதிகாரிகளுக்கும் உரியது, முன்பக்கத்தில் சிவப்பு, ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் உரியது. எஞ்சினுக்கு அடியில் அலங்காரத்துக்கு நீல எல்இடி ஒட்டிக்கொண்டு, கோயில் திருவிழா நாளில் தேருக்கு முன்னால் போகிறோம் என்று கேட்டு வரும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். கூட்டத்தில் ஒரு நீல விளக்கைப் பார்த்து ஒரு கார் ஒதுங்கினால், ஒதுங்கும் இடத்தில் யார் நிற்கிறார்களோ தெரியாது.

பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும். இங்கே மோட்டார் சைக்கிளுக்கு அது கட்டாயம். 2017 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் வரும் வண்டிகளும் தானாகவே எரியும்படி வருவதால் நமக்குப் பழக்கமான விஷயம்தான். அதை அணைக்க சுவிட்ச் வைத்துத் தரச் சொல்லாதீர்கள். சூரியன் மறைந்த பிறகும், 150 மீட்டரில் ஆள் தெளிவாகத் தெரியாத வேளையிலும் எல்லா வண்டிக்கும் விளக்கு கட்டாயம். லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டு நாட்களில், ரோபோவும் (இங்கே சிக்னலுக்குப் பெயர்) தெருவிளக்கும் ஒன்றாக அணைந்த சந்திப்பில் நின்று பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று தெரியும்.

போலீஸ் பிடிப்பார்களா என்று கேட்டீர்கள். பிடிக்கலாம், அபராதம் எழுதலாம், குறை பெரிதானால் சரிசெய்யும்வரை வண்டியைச் சாலையில் இறக்காதே என்று நோட்டீஸும் கொடுக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் சோதனை இல்லாததால் பலருக்கு இது வண்டியை விற்கும் அன்றுதான் தெரிகிறது. உரிமை மாற்ற, வண்டி சாலைக்குத் தகுதியானது என்ற ரோட்வொர்த்தி சான்றிதழ் வேண்டும், அந்தச் சோதனையில் லைட்டால் தோற்றுவிடும். அதைவிட எனக்குக் கவலை இன்சூரன்ஸ்தான். கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றி, விபத்துக்குப் பிறகு அந்த மாற்றமே காரணம் என்று அவர்கள் எழுதினால் வாதாடுவது கடினம். துணை விளக்கு மாட்டினாலும் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைச் சேமித்து வையுங்கள்.

ஆகவே பல்பை இன்னும் வாங்க வேண்டாம். இந்த வார இறுதியில் எஞ்சினை ஓடவிட்டு, டிம் எரியும்போது பேட்டரியில் எவ்வளவு, எச்4 சாக்கெட்டில் எவ்வளவு என்று இரண்டு எண்களையும் எழுதி அனுப்புங்கள். சுவரில் ஒளி விழும் படத்தையும் கோடு தெரியும்படி எடுத்து அனுப்புங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ரிலே தேவையில்லை, உயரத்தைச் சரிசெய்தாலே போதும். அதற்கு மேல் என்றால் எந்த வயரில் போகிறது என்று கண்டுபிடிக்க அடுத்து எங்கே மீட்டர் வைக்க வேண்டும் என்று சொல்கிறேன்.